பைன் என்றொரு தண்டனைச் சொல்

1

போன வாரத்தோடு அப்பா இறந்து ஒரு வருஷம். ஸ்ரீவில்லிபுத்தூர் சர்ச்சில் அவர் பெயரை வாசித்து ஜெபம் பண்ணினார்கள். பிறகு கல்லறைக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். நான் இங்கே வடக்கு இங்கிலாந்தில், மழை பெய்யாத நேரத்தில் மழைக்காகக் காத்திருக்கும் ஒரு சிற்றூரில், ஆஸ்பத்திரிப் பதிவேட்டு அறையில் உட்கார்ந்து வழக்கம்போல் பிறருடைய வியாதிகளை அகர வரிசையில் அடுக்கிக்கொண்டிருந்தேன்.

அனுதாபம் சொல்ல நினைக்கும் ஊர்க்காரர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். நான் எழுத உட்கார்ந்தது அப்பாவின் நாயைப் பற்றி. அந்த நாய்க்கு நான் செய்ததைப் பற்றி. நான் செய்ததற்கு ஆங்கிலத்தில் ஒரு பழைய சொல் இருக்கிறது. ஐம்பத்திரண்டு வயது வரை அதன் பாதி அர்த்தம்தான் எனக்குத் தெரியும். மீதிப் பாதியைப் பக்கத்து வீட்டு மார்கரெட் சொல்லித் தெரிந்துகொண்டபோது காரியம் கைமீறியிருந்தது.

2

அப்பா ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் ஃபிட்டர். முப்பத்தோரு வருஷம் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் போய் பஸ்ஸில் வந்தார். ஓய்வு பெற்ற நாளில் ஆலையில் ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். கூட வேலை பார்த்த ராஜு என்பவர், தன் வீட்டில் போட்ட குட்டிகளில் ஒன்றைக் கொடுத்தார். கடிகாரம் மூன்று மாதத்தில் நின்றுபோனது. வெள்ளைவெளேரென்று, மூக்கு மட்டும் ரோஸ் நிறத்தில் இருந்த அந்தக் குட்டிக்கு அப்பா மேஜர் என்று பெயர் வைத்தார்.

அந்த மேஜரைத் திருடர்கள் கொன்றார்கள். காம்பவுண்டுக்கு மேலாக விஷம் தடவிய கறியை எறிந்தார்கள்; அது நம்பித் தின்றது. வீட்டில் அவர்கள் எடுத்துப்போனது ஒரு பித்தளை அண்டாவும் அந்த நின்றுபோன கடிகாரமும்தான். அப்பா நான்கு நாள் யாரோடும் பேசவில்லை. பல வருஷம் நாய் என்ற பேச்சே எடுக்கவில்லை. பிறகு அதே ராஜு வீட்டிலிருந்து இன்னொரு குட்டி வாங்கிவந்து, அதற்கும் மேஜர் என்றே பெயர் வைத்து, ஒரு சட்டம் போட்டார். இது இனி அவர் கையைத் தவிர வேறு கையில் எதையும் வாங்கித் தின்னக் கூடாது.

ராஜபாளையத்து நாய் இயல்பிலேயே ஓர் ஆளுக்குத்தான் நாய். அப்பா அதை இன்னும் இறுக்கினார். வீட்டுக்கு யார் வந்தாலும் கையில் ஒரு பிஸ்கட்டைக் கொடுத்து, "நீட்டிப் பாருங்க" என்பார். நாய் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அப்பாவுக்கு முகமெல்லாம் பல். எங்கள் வீட்டில் விருந்தாளி காபி குடிக்கும் முன் ஒரு நாயிடம் அவமானப்பட்டாக வேண்டும். சபைப் போதகரும் பட்டார். லீவுக்குப் போகும்போதெல்லாம் நானும் பட்டேன்.

"சோறு வடிக்கது நானு. கறிய வேக வைக்கது நானு. எங்கையில வாங்காதாம். இவிய பெரிய கலெக்டரு, இவிய கையெழுத்துப் போட்டாத்தான் அது திங்கும்" என்பாள் அம்மா.

"ஒன் கையில வாங்கினா நாளைக்குக் கள்ளன் கையிலயும் வாங்கும்" என்பார் அப்பா.

"நீங்க இல்லன்னா?"

"எங்க போறேன்?"

3

போன வருஷம் மே மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பல் விளக்கிக்கொண்டே குளியலறையில் சரிந்துவிட்டார். மாரடைப்பு. அன்று சாயங்காலமே அடக்கம்.

நான் போகவில்லை. போக முடியவில்லை என்றுதான் எல்லாருக்கும் சொன்னேன், அதுவும் உண்மைதான். மஸ்கட்டில் பன்னிரண்டு வருஷம், இங்கே ஐந்து வருஷம் என்று ஓட்டி, நிரந்தரமாகத் தங்குவதற்கு விண்ணப்பம் போட்டிருந்தேன். விண்ணப்பம் நிலுவையில் இருக்கையில் நாட்டை விட்டு வெளியேறினால், விண்ணப்பத்தை நானே திரும்பப் பெற்றுக்கொண்டதாக எடுத்துக்கொள்வார்கள். பாஸ்போர்ட்டை யாரும் பிடுங்கி வைக்கவில்லை. என் மேஜை டிராயரிலேயே இருந்தது. பூட்டாத கதவுக்குள் உட்கார்ந்திருக்கும் கைதிக்கு மரியாதை குறைவு.

அந்தப் படிவத்தில் ஓர் அட்டவணை உண்டு. ஐந்து வருஷத்தில் இந்த நாட்டில் 'இல்லாத நாட்கள்' எத்தனை, ஏன் இல்லை என்று எழுத வேண்டும். அப்பாவோடு நான் இருந்த நாட்கள் எல்லாம் அதில் இல்லாத நாட்களாகப் பதிவாகியிருந்தன. கூட்டிப் பார்த்தேன். ஐந்து வருஷத்துக்கு ஐம்பத்தாறு நாள். அவர்கள் அனுமதிப்பதில் எவ்வளவோ மிச்சம் வைத்திருந்தேன். நல்ல பிள்ளை.

அடக்கத்தை ஃபோனில் பார்த்தேன். ஃபோனைப் பிடித்திருந்தது தம்பி ஜெபராஜ். அவன் அழுதுகொண்டே பிடித்ததால் நான் பார்த்தது பெரும்பாலும் வானமும், யாரோ ஒருவருடைய சட்டைப் பொத்தானும். என் மகள் ஜெனி பக்கத்தில் வந்து நின்றாள். பதினைந்து வயது. அவள் தமிழில் மரியாதை ஏறவே இல்லை. ஏற்றிவிட நாங்களும் மெனக்கெடவில்லை. அம்மா வீடியோவில் வந்ததும், "ஆச்சி, தாத்தா வலிச்சுச் செத்தானா?" என்று கேட்டுவிட்டாள். என் மனைவி அவள் வாயைப் பொத்தினாள்.

அம்மா ஃபோனுக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுவந்தாள். "இல்ல தாயி. பட்டுன்னு போயிட்டான்" என்றாள்.

4

அடக்கம் முடிந்த நாலாம் நாள் ஜெபராஜ் கூப்பிட்டான்.

"அண்ணே, மேஜர் ஒரு வாய் தண்ணி கூடக் குடிக்கல. டாக்டரு வந்து குளுக்கோஸ் ஏத்திட்டுப் போனாரு. இப்படியே விட்டா ஒரு வாரந்தான் தாங்கும்ங்காரு."

"அம்மா கொடுத்துப் பார்த்தாளா?"

"எல்லாரும் குடுத்தாச்சு. மொகத்தத் திருப்பிக்கிடுது. வீட்டுல எல்லாருக்கும் பிஸ்கட் டெஸ்ட்டு நடக்குண்ணே." சிரிக்கப் பார்த்து, முடியாமல் நிறுத்தினான். "நீ ஒருக்கா பேசிப் பாரேன். நீ அப்பா மாதிரியேதான் பேசுவ. போன தடவ நீ போன் போட்டப்ப அத்தையே 'அண்ணாச்சி'ன்னுட்டாங்கள்ல."

இது உண்மை. முகம் அம்மா ஜாடை, குரல் அப்பாவுடையது. அவர் குரலைப் பதினேழு வருஷமாக வெளிநாடுகளில் இலவசமாகப் பயன்படுத்திவருகிறேன்.

ஸ்பீக்கரில் போடச் சொன்னேன். தொண்டையைச் செருமிக்கொண்டு, அப்பா சொல்வதுபோல், கடைசி எழுத்தைக் கொஞ்சம் இழுத்துச் சொன்னேன்: "ஏலே மேஜரு... வா. எடுத்துக்க."

முதலில் நகம் தரையில் கீறும் சத்தம். பிறகு ஓடுகிற சத்தம். ஜெபராஜ் வர்ணனை கொடுத்தான். "எந்திரிச்சிட்டுண்ணே... பின்வாசலுக்குப் போகுது... சைக்கிள மோந்து பாக்குது... பாத்ரூம் கதவத் தள்ளுது... வந்துட்டு, வந்துட்டு. போனுக்கிட்ட வந்துட்டு. இன்னொருக்கா சொல்லு."

சொன்னேன். நாய் தட்டில் வாய் வைத்தது. நாலு வாய் தின்றது. அங்கே அம்மா, "ஏசப்பா" என்றது கேட்டது. இங்கே நான் சமையலறையில் பல் துலக்காத வாயோடு நின்று அழுதேன். அடக்கத்தன்றுகூட வராத அழுகை.

அன்றிலிருந்து தினமும் அதுதான் ஏற்பாடு. எனக்குக் காலை ஏழு மணி, அவர்களுக்குப் பதினொன்றரை. ஜெபராஜ் தட்டைக் கீழே வைத்து, கேமராவைத் தட்டின்மேல் பிடிப்பான். நான் குரல் கொடுப்பேன். அது தின்னும். வேலைக்கு லேட்டானாலும் இதில் லேட்டானதில்லை. பெரிய மகன் என்ற பதவியில் முதன்முறையாக ஒரு வேலை செய்கிறோம் என்று எனக்கு ஒரு நிமிர்வு.

ஒருநாள் காலை ஜெனி தண்ணீர் குடிக்க வந்தவள், நான் பேசுவதைக் கேட்டு அப்படியே நின்றாள். "நீங்கள் அதை நிறுத்த வேண்டும். தாத்தா நம் கிச்சனில் இருக்கிற மாதிரி இருக்கிறது" என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு, தண்ணீர் குடிக்காமலே மாடிக்குப் போய்விட்டாள்.

5

மார்கரெட்டுக்கு எண்பது வயது. வாழ்நாளெல்லாம் கால்நடை மருத்துவரிடம் நர்ஸாக இருந்தவர். எங்கள் இரு வீட்டுத் தோட்டத்துக்கும் நடுவில் இடுப்பளவு வேலி. வெயிலைக் கண்டால் நான் ஃபோனோடு தோட்டத்துக்கு வந்துவிடுவேன். ஒருநாள் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "யார் அந்த மேஜர்? தினமும் காலையில் அவனைக் கூப்பிடுகிறாயே, வரவே மாட்டானா?" என்றார்.

சொன்னேன். நன்றாக நடக்கும் திட்டத்தை விவரிக்கும் பெருமையோடுதான் சொன்னேன். அவர் கையிலிருந்த கத்தரிக்கோலை வேலிமேல் வைத்தார்.

"அது பைன் பண்ணுகிறது" என்றார்.

எனக்குத் தெரிந்த சொல்தான். யாருக்காகவோ ஏங்கி உருகுவது. பழைய நாவல்களில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் பெண்கள் செய்வது. தலையாட்டினேன்.

"உனக்குப் புரியவில்லை. எங்கள் அம்மா யார்க்ஷயர்க்காரி. அவள் பேச்சில் அந்தச் சொல்லுக்குப் பட்டினி என்று அர்த்தம். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் நாங்கள் 'பைன்ட்' என்போம். வயிறு காய்கிறது என்று பொருள். ஆட்டுக்கு ஒரு நோய், அதற்கும் அதே பெயர். முழங்கால் உயரப் புல் நிற்கும், அதில் நின்றுகொண்டே ஆடு எலும்பாகிச் சாகும். புல்லில் ஏதோ ஒரு சத்து இருக்காது. மருந்து தெரியாத காலத்தில் மந்தையை வேறு நிலத்துக்கு ஓட்டிப்போவார்கள். சிலது பிழைக்கும்." கத்தரிக்கோலைத் திரும்ப எடுத்துக்கொண்டார். "நீ அதற்குச் சோறு போடவில்லை, தம்பி. உன் அப்பா வருகிறார் என்று தினமும் ஒரு தடவை அதனிடம் பொய் சொல்கிறாய்."

அன்று மதிய இடைவேளையில் நூலகத்துக்குப் போய்த் தடித்த அகராதியைப் புரட்டினேன். துக்கம் வந்தால் சிலர் குடிப்பார்கள். நான் அகராதி பார்ப்பேன். பைன் மரத்துக்கும் இந்தச் சொல்லுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இதன் வேர் லத்தீனில் இருக்கிறது. அங்கே இதற்குப் பொருள் தண்டனை. வலியைச் சொல்லும் பெயின், அபராதத்தைச் சொல்லும் பெனால்டி என்ற ஆங்கிலச் சொற்கள் இதற்குப் பங்காளிகள். கிறிஸ்தவத்தோடு கூடவே வந்து இந்தத் தீவில் இறங்கிய சொல்லாம். நரகத்தில் கிடைக்கும் வேதனைக்கு இதுதான் பெயர். அந்தக் காலத்தில் ஒருவரைப் பைன் பண்ணுவது என்றால் அவரை வதைப்பது. வதைக்க ஓர் ஆள், வதைபட ஓர் ஆள். சில நூற்றாண்டு போனதும் வதைக்கிறவன் மெதுவாக வாக்கியத்தை விட்டு நழுவிவிட்டான். வதைபடுகிறவர் மட்டும் அதே இடத்தில், அவரே ஏதோ செய்துகொள்வதுபோல், தனியாக உருகிக்கொண்டிருக்கிறார்.

நம் ஊரில் 'பிள்ள ஏங்கிப் போச்சு' என்பார்கள். தாய் ஊரில் இல்லாதபோது பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் சொல்வது. அதில் யாரையும் கூண்டில் ஏற்றுவதில்லை. ஏக்கம் மழை மாதிரி, தானாக வரும். ஆங்கிலச் சொல்லைத் தோண்டினால் அடியில் ஒருவன் சவுக்கோடு நிற்கிறான். வெளியூர் போய்விட்டவன் அவன். நழுவிப்போன இடத்தில் வேலை கிடைத்து, வீடும் பிடித்திருப்பான்.

இவ்வளவும் படித்துவிட்டு நிறுத்தினேனா என்றால், இல்லை. மறுநாள் ஏழு மணிக்கு மறுபடி கூப்பிட்டேன். காரணத்தை மறைப்பதில் பயனில்லை. என் ஃபோனுக்காக ஓர் உயிர் ஓடி வந்தது. தம்பியோடு பேச்சு ரெண்டு நிமிஷத்தில் வற்றிவிடும். மகள் என்னோடு பேசுவது வைஃபை போகும்போது. இந்த உலகத்தில் என் குரல் கேட்டுக் காது நிமிர்த்த ஒரு நாய்தான் இருந்தது. அதுவும் என்னை வேறு ஆள் என்று நினைத்து.

6

ஐந்தாவது வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மா தானாகவே கூப்பிட்டாள். அவள் ஃபோன் போடுகிறவள் அல்ல. நம்பரைத் தட்டினால் ஏதாவது உடைந்துவிடும் என்று பயம்.

"ஏலே, ஜெபராஜ் சர்ச்சுக்குப் போயிருக்கான். அவன் ஒன்ட்டச் சொல்ல மாட்டான், அதான் நானே கூப்பிடுதேன். நாளையிலருந்து மேஜர்ட்டப் பேசாத."

"ஏம்மா? தின்னுதுல்ல?"

"எங்க திங்கு? அவன் ஒனக்குத் தட்ட மட்டும் காமிக்கான். நீ பேசினதும் நாலு வாய் திங்கும். பொறவு வச்சிட்டுப் போயிருவ. அது ராத்திரி பகலா வீடு பூராத் தேடுது. அவிய விழுந்த பாத்ரூம் கதவப் பிறாண்டிப் பிறாண்டி நகத்துலருந்து ரத்தம். யாரு போன் அடிச்சாலும் எந்திரிச்சு ஓடுது. எலும்பும் தோலுமாயிட்டுது. நேத்து நாலு வாயும் திங்கல, ஒரு வாய்தான்."

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"செத்தவுக செத்துட்டாகன்னு அதுக்குத் தெரியணும்லாடா. நீ தெரிய விட மாட்டேங்க."

"நிறுத்திட்டா செத்துருமேம்மா."

"செத்தா ஒருக்காச் சாவுது."

வைத்துவிட்டாள். மறுநாள் ஏழு மணிக்கு ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு தோட்டத்தில் நின்றேன். அந்தப் பக்கம் மார்கரெட் ரோஜாச் செடியை வெட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. ஏழே காலுக்கு ஃபோனைப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன்.

7

மூன்று நாள் அது ஒன்றும் தின்னவில்லை. நாலாம் நாள் ஜெபராஜிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ்.

"அண்ணே, ஒரு கூத்து நடந்துச்சு. அம்மா மத்தியானம் தரையில ஒக்காந்து சாப்பிட்டுக்கிட்டு இருந்தாங்க. குழம்பு எடுக்க உள்ள போயிட்டு வந்து பாத்தா, மேஜர் அம்மா தட்டுல வாய வச்சிருக்கு. மீன் முள்ளு வர காலி. அம்மாவப் பாத்ததும் வால இடுக்கிக்கிட்டு ஓடிட்டு. அம்மா அடிக்கல. சிரிச்சாங்கண்ணே."

அப்பாவின் சட்டத்தில் ஓர் ஓட்டை இருந்திருக்கிறது. கொடுத்தால் வாங்கக் கூடாது என்று பழக்கினார். திருடித் தின்னக் கூடாது என்று பழக்க மறந்துவிட்டார். அந்த வீட்டில் அவர் இருந்தவரை அதற்குத் திருட வேண்டிய அவசியம் வந்ததில்லை.

அம்மா அதைப் பிடித்துக்கொண்டாள். தினமும் தட்டில் ரெண்டு ஆள் சோறு போட்டுக்கொள்வாள். பாதி தின்பாள். பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து எதையாவது தேடுகிற மாதிரி பாவனை பண்ணுவாள். பின்னால் நாய் பம்மிப் பம்மி வந்து திருடித் தின்னும். தின்று முடிக்கிற வரை அவள் திரும்ப மாட்டாள். எழுபத்து மூன்று வயதில் அவளுக்கு நடிப்பு வந்திருந்தது.

ஒரு வாரம் கழித்து வந்த மெசேஜில் ஜெபராஜ் இன்னொன்றும் சொல்லியிருந்தான். "ஒன்ட்டச் சொல்லலண்ணே. அப்பா போனதுலருந்து அம்மாவும் ஒழுங்காச் சாப்பிடல. தட்டப் போட்டுக்கிட்டு ஒக்காந்திருப்பாங்க, அம்புட்டுதான். இப்ப நாய்க்குத் திருட வேணும்னு உக்காந்து அவங்களும் திங்காங்க."

ஐந்து வாரம் தினமும் கேமரா வழியே நாயின் தட்டையே பார்த்தவன் நான். பக்கத்தில் இருந்த இன்னொரு தட்டைப் பார்க்கவில்லை.

8

செப்டம்பரில் அனுமதி வந்தது. 'காலவரையறை இன்றித் தங்கலாம்' என்று எழுதியிருந்தார்கள். அக்டோபரில் பத்து நாள் லீவு போட்டு ஊருக்குப் போனேன். ஜெனிக்குப் பரீட்சை, வரவில்லை.

மதுரையிலிருந்து காரில் வரும்போதே ஜெபராஜ் எச்சரித்தான். "அண்ணே, வாசல்ல வச்சுப் பேசாத. உள்ள போய் மெதுவாப் பேசு." சரி என்றேன். அம்மா வெளிக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பாதியாக இருந்தாள். வெள்ளைச் சேலையில் நான் பார்த்ததே இல்லை. சொன்னதெல்லாம் மறந்து, "அம்மா" என்றுவிட்டேன்.

வீட்டுக்குள்ளிருந்து அது வந்தது. ஓடிவந்தது என்று சொல்ல முடியாது. எறிந்த மாதிரி வந்தது. எனக்கு ஒரு கை தூரத்தில் நாலு காலையும் ஊன்றி நின்றது. முகத்தைப் பார்த்தது. குரைத்திருக்கலாம், கடித்துக்கூட இருக்கலாம், நான் வாங்கிக்கொண்டிருப்பேன். அது என்னைச் சுற்றிக்கொண்டு தெருவுக்குப் போய் எனக்குப் பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்த்தது. இந்தப் பக்கம் பார்த்தது, அந்தப் பக்கம் பார்த்தது. காரின் திறந்த கதவுக்குள் தலையை விட்டுப் பார்த்தது. ஒரு பள்ளிக்கூட வேன் வந்து ஹாரன் அடித்தும் நகரவில்லை. ஜெபராஜ் கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுத்துவந்தான்.

ரெண்டு நாள் அது திருடவில்லை. அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பின்னால் சோறு காய்ந்தது. அந்த ரெண்டு நாளும் அவளும் சரியாகத் தின்னவில்லை. மூன்றாம் நாள் தின்றது.

மிச்ச நாள் பூராவும் நான் கிசுகிசுத்தேன். அப்பா கட்டிய வீட்டில், அவர் நாற்காலியில் உட்கார்ந்து, காபி வேண்டும் என்பதைக் காற்றாகச் சொன்னேன். எதிர்வீட்டுக்காரர் வந்து, "தொண்டையில என்ன தம்பி?" என்றார்.

"அங்க குளுரு அதிகம்லா" என்றாள் அம்மா.

கிளம்புகிற அன்று பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சேலை நுனியைச் சுருட்டினாள்.

"போய்ச் சேந்ததும் சொல்லு. போன்ல வேண்டாம். எழுதிப் போடு. ஜெபராஜ் பெரிய எழுத்தா வர்ற மாதிரி வச்சுக் குடுத்திருக்கான், நானே வாசிச்சிக்கிடுவேன்."

"மேஜர் இல்லாத நேரமாப் பாத்துக் கூப்பிடுதேம்மா. ஸ்பீக்கர்ல போடாம பேசலாம்."

"நாய்க்காக மட்டும் சொல்லல ராசா" என்றாள்.

9

இப்போது நான் எழுதித்தான் போடுகிறேன். பெற்ற தாயிடம் ரெண்டு கட்டைவிரலால் பேசுகிறேன். அடுத்து குடியுரிமைக்குப் படிவம் நிரப்ப வேண்டும். அதிலும் இல்லாத நாட்களுக்கு ஓர் அட்டவணை இருக்கிறது. கடைசி வரியில் அக்டோபர், பத்து நாள் என்று எழுதிவைத்திருக்கிறேன். அந்தப் பத்து நாளில் நான் எங்கே இருந்தேன் என்பதைச் சொல்ல அதில் கட்டம் போதாது.

போன வாரம், வருஷ நினைவு அன்று, ஏழு மணிக்குத் தோட்டத்தில் நின்றேன். ஃபோனில் மைக் பொத்தானை அழுத்திப் பிடித்து, "அம்மா, சாப்பிட்டாச்சா?" என்றேன். அனுப்பவில்லை. நானே ஒருமுறை போட்டுக் கேட்டேன். அப்பாதான் கேட்டார்.

அழித்துவிட்டு, அதையே எழுத்தில் தட்டி அனுப்பினேன். செத்த நேரம் கழித்துப் பதில் வந்தது.

"ஆச்சு. அதும் திருடிட்டு."